மாப்பிள்ளைக்கு ஜன்னல் சீட்டு

நெருப்பு, சக்கரம், அதற்கு அடுத்தபடியாக ஃபோம். மனித இனம் முன்னேறி வந்த வரிசை இதுதான் என்று டைரக்டர் ஸ்டுடியோவின் நடுவில் நின்று அறிவித்தான். குரலில் துளி விளையாட்டு இல்லை. காலடியில் புத்தம்புதிய கறுப்புப் பெட்டி ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஃபோம், கேக் மாதிரி.

"இனிமே கேமராவை மடியில வெச்சுக்கிட்டு ஃபிளைட்ல போறவன் கற்காலத்து ஆளு" என்றான்.

கற்காலத்து ஆள் எதிரிலேயே உட்கார்ந்து, கேமராவை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். டைரக்டரின் மனைவிக்கு அண்ணன் அவர். டைரக்டர் மச்சான் என்று கூப்பிட, அதைக் கேட்டு அந்தத் தெருவே மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது.

டைரக்டர் இதுவரை எதையும் டைரக்ட் செய்ததில்லை. கல்யாண வீடுகளில் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, லைட்ட மறைக்கிறீங்க" என்று அவன் சொல்லும் தோரணையைப் பார்த்து யாரோ வைத்த பெயர். அது கிண்டல் என்பதை அவன் ஒப்புக்கொள்ளாததால் பெயர் நிலைத்துவிட்டது.

கேமராவுக்கும் ஒரு பெயர் உண்டு. மாப்பிள்ளை. மச்சான் வீட்டுக்கு முதலில் வந்தது கேமராதான். வந்த நாளிலிருந்து அதற்குத் தனி அலமாரி, தனி போர்வை, எது செய்தாலும் அதைக் கேட்டுத்தான். "வந்திருக்கறது கேமராவா, மாப்பிள்ளையா?" என்று மச்சானின் தங்கை ஒருநாள் கேட்டாள், அதோடு ஒட்டிக்கொண்டது. பிறகு அவளைக் கல்யாணம் செய்துகொண்டு டைரக்டர் வந்து சேர்ந்தபோது பதவி காலியாக இல்லை. வீட்டுக்குள் "மாப்பிள்ளைக்கு வேர்க்குது, ஃபேன் போடு" என்று குரல் கேட்டால் அது தனக்கில்லை என்று புரிந்துகொள்ள அவனுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. பெரிய லென்ஸுக்குப் பெயர் பொண்ணு.

போன முறை வெளியூர்க் கல்யாணத்துக்கு விமானத்தில் போனபோது நடந்ததை டைரக்டர் டீக்கடையில் பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறான். கூட்டம் கேட்டால் இன்னும் ஒருமுறை. மச்சான் கவுண்டரில் "மாப்பிள்ளைக்கு ஜன்னல் சீட்டு குடுங்க" என்று கேட்டு வாங்கினார். நிஜ மாப்பிள்ளைக்கு நடு சீட்டு. பையைக் கீழே வைக்கச் சொல்வார்கள் என்பதால் மச்சான் கேமராவை வெளியே எடுத்து, தங்கையின் பழைய பருத்திப் போர்வையில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டார். பணிப்பெண் குனிந்து, "குழந்தையா சார்?" என்றாள்.

"ஆமாம்மா. தூங்குது" என்றார் மச்சான்.

விமானம் ஓடுபாதையில் குலுங்க ஆரம்பித்ததும் போர்வைக்குள் கையை விட்டு, தட்டிக்கொடுத்து, "அவ்வளவுதான், அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டீக்கடையில் இந்த இடம் வரும்போது டைரக்டர் கிளாஸைத் துண்டில் சுற்றித் தட்டிக்கொடுப்பான். கடைக்காரர் டீ போடுவதை நிறுத்திவிட்டுச் சிரிப்பார். மச்சானும் கூட நின்று சிரிப்பார். அவருக்கு ரோஷம் என்பது குறைவு.

இந்த முறை கல்யாணம் இல்லை. கல்யாணங்களே இப்போது அதிகம் இல்லை; மன்னிக்கவும், கல்யாணங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன, ஸ்டுடியோவைத்தான் யாரும் கூப்பிடவில்லை. வருகிற ஒவ்வொருவன் கையிலும் ஒரு போன். மணமகனின் தம்பி எடுப்பான், மணமகளின் தோழி எடுப்பாள், எடுத்ததை அன்றைக்கே எல்லோருக்கும் அனுப்பியும் விடுவார்கள். கடையைக் காலி செய்துவிடலாமா என்று டைரக்டர், மச்சான், கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தங்கை மூன்று பேரும் தனித்தனியாக யோசித்துக்கொண்டு, சேர்ந்து இருக்கும்போது வேறு எதையோ பேசிக்கொண்டிருந்த காலம் அது.

அப்போதுதான் இடிக்கிற கம்பெனி கூப்பிட்டது. பழைய கட்டடங்களை வெடி வைத்துத் தரைமட்டமாக்கும் கம்பெனி. வேறொரு ஊரில், மூடிக்கிடக்கும் ஆலையின் புகைபோக்கியைச் சாய்க்கப் போகிறார்கள். அது சாய்வதை நல்ல கேமராவில், மெதுவாக ஓட்டிப் பார்க்கிற மாதிரி எடுத்துத் தர வேண்டும். பிடித்துவிட்டால் இனிமேல் அவர்கள் இடிக்கும் எல்லாவற்றுக்கும் இந்த ஸ்டுடியோதான்.

"கட்டறவனுக்குக் கூட வேலை நிக்கும் மச்சான். இடிக்கறவனுக்கு நிக்கவே நிக்காது. கடை பிழைச்சுக்கும்" என்றான் டைரக்டர்.

"பிழைக்கலேன்னா நான் சித்தப்பாவோட டைல்ஸ் கடைக்குப் போயிடறேன். அவர் கேட்டுக்கிட்டேதான் இருக்காரு" என்றார் மச்சான்.

"டைல்ஸும் வேணாம், மொசைக்கும் வேணாம். ஒரே ஒரு விஷயம். கல்யாணம்னா 'இன்னொருதரம் மாலையைப் போடுங்க'ன்னு சொல்லலாம். புகைபோக்கிகிட்ட சொல்ல முடியாது. ஒரே டேக்."

அதனால்தான் பெட்டி. மச்சானின் மடியை நம்பி இந்த வேலைக்குப் போக முடியாது என்பது டைரக்டரின் முடிவு. மாடியிலிருந்து போட்டாலும் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது என்றான்.

"போட்டுப் பாத்தீங்களா, டைரக்டரே?"

"பெட்டிக் கம்பெனிக்காரன் போட்டுப் பாத்திருக்கான்."

"அவன் மாடி வேற, நம்ம மாடி வேற" என்றார் மச்சான். ஆனால் எழுந்து வந்து ஃபோமை விரலால் அமுக்கிப் பார்த்தார். அது உள்ளே போய் நிதானமாக மேலே வந்தது. அவருக்கும் பிடித்துவிட்டது தெரிந்தது.

ஃபோமை வெட்டும் நேரத்தில் ஒரு கேள்வி எழுந்தது. கேமராவையும் பெரிய லென்ஸையும் கழற்றித் தனித்தனிக் குழியில் வைப்பதா, மாட்டியபடியே ஒரே குழியில் வைப்பதா? டைரக்டர் தனித்தனியாகத்தான் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தான். அப்போது அவன் மனைவி கம்ப்யூட்டரிலிருந்து திரும்பிப் பார்த்து, "என்னங்க இது, மாப்பிள்ளையையும் பொண்ணையும் பிரிச்சா அனுப்புவீங்க? புது வேலைக்கு முதல் முதலா போறாங்க, ஜோடியா போகட்டும்" என்றாள்.

மூன்று பேரும் சிரித்தார்கள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்தக் கடையில் மூன்று பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது அன்றைக்குத்தான். டைரக்டர் கோட்டை அழித்துவிட்டு ஜோடியாக வரைந்தான். வெட்டி முடித்து உள்ளே வைத்தபோது அவ்வளவு கச்சிதமாக இருந்தது. படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினான்.

விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்த பெண் பெட்டியைப் பார்த்து, "கேமராவா சார்? கையிலயே எடுத்துட்டுப் போயிடுங்களேன்" என்றாள்.

"மேடம், கையில கொண்டுபோறவங்க வேற ஆளுங்க" என்று டைரக்டர் மச்சானைக் கண்ணால் காட்டினான். "இது இதுக்குன்னே செஞ்ச பெட்டி."

"பேட்டரி உள்ள இருக்கா?"

பேட்டரிகளை மட்டும் கையில்தான் கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். அவை அவன் சட்டைப் பையில், நெஞ்சுக்குப் பக்கத்தில், முழுதாகச் சார்ஜ் ஏறி உட்கார்ந்திருந்தன.

"உடையற சாமான்னு கிளாஸ் படம் போட்ட ஸ்டிக்கர் ரெண்டு ஒட்டுங்கம்மா" என்றார் மச்சான்.

"வேண்டாம் மேடம். அதைப் பாத்தாதான் தூக்கிப் போடணும்னு தோணும்."

அந்தப் பெண் இருவரையும் பார்த்துவிட்டு, யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாம் என்று ஒன்று ஒட்டினாள். பெட்டி பெல்ட்டில் ஊர்ந்து, ரப்பர் திரையை முட்டி, உள்ளே போனது. மச்சான் அது போன பிறகும் திரை ஆடி அடங்கும் வரை நின்றார்.

இந்த முறை ஜன்னல் சீட்டு டைரக்டருக்குக் கிடைத்தது. பக்கத்தில் மச்சான். மடி காலியாக இருந்ததால் அவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் முழங்காலில் வைத்தார். கொஞ்ச நேரம் கட்டிக்கொண்டார். கடைசியில் முன் சீட்டின் பையிலிருந்து, அவசரத்தில் எப்படிக் குதிப்பது என்று படம் போட்ட அட்டையை எடுத்து மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

டைரக்டர் ஜன்னல் வழியே கீழே பார்த்தான். விமானத்துக்குள் பெட்டிகளை ஏற்றும் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்புப் பெட்டி ஏறி வந்தது. பெல்ட்டின் உச்சியை நெருங்கும்போது, முன்னால் போன ஒரு பெரிய சூட்கேஸ் மாட்டிக்கொண்டு நிற்க, கறுப்புப் பெட்டி அதன் மேல் முட்டி, திரும்பி, ஓரமாகச் சரிந்து, தரையில் விழுந்தது. நெட்டுக்குத்தாக. சத்தம் எதுவும் உள்ளே கேட்கவில்லை. கீழே நின்ற ஆள் அதைத் தூக்கி, கையால் தூசியைத் தட்டி, பொறுப்பாக மறுபடி பெல்ட்டில் வைத்தார்.

"என்ன பாக்கறீங்க?" என்றார் மச்சான்.

டைரக்டர் ஜன்னல் மறைப்பைக் கீழே இழுத்தான். "வெயில்" என்றான்.

இறங்கிய ஊரில் பெட்டி கடைசியாகத்தான் வந்தது. டைரக்டர் அதைச் சுற்றி வந்து பார்த்தான். ஒரு கீறல் இல்லை. போன உயிர் திரும்பி வந்தது. அதோடு வாயும் திரும்பி வந்தது.

"பாத்தீங்களா மச்சான்? எங்க, ஒரு கோடு காட்டுங்க பாப்போம்."

"திறந்து பாத்துடலாமே."

"இங்கயா? ரூமுக்குப் போய்ப் பாத்துக்கலாம். நம்பிக்கைன்னு ஒண்ணு வேணும் மச்சான் மனுஷனுக்கு."

அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, எதிர்ச் சுவரைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒரு ஜன்னல். கட்டில்மேல் பெட்டியை வைத்துத் திறந்தான். ஃபோம் அப்படியே இருந்தது. அதன் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை. கேமராவும் அதே இடத்தில், லென்ஸும் அதே இடத்தில். ஆனால் லென்ஸ் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்திருந்தது, யாரோ மெதுவாகப் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி. டைரக்டர் கேமராவைத் தூக்கினான். லென்ஸ் கூட வரவில்லை. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்த உலோக வளையம் கேமராவின் உடம்பிலிருந்து பிய்ந்து, லென்ஸோடு தங்கிவிட்டது. பெட்டி விழுந்தபோது கனமான லென்ஸ் நெம்புகோல் மாதிரி கழுத்தை ஒடித்துவிட்டது. தனித்தனியாக வைத்திருந்தால் இரண்டுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

மச்சான் கேமராவை அவன் கையிலிருந்து வாங்கித் தலையணையில் வைத்தார். தன் பைக்குள் கையை விட்டு அந்தப் பழைய போர்வையை எடுத்தார். ஃபோமை அமுக்கிப் பார்த்துப் பிடித்துப்போன மனிதர் அதையும் கொண்டுவந்திருந்தார். மூடிவிட்டார். மூடிய பிறகு அது வேறு மாதிரி தெரிந்ததால் மறுபடி விலக்கினார்.

"ஏதாவது திட்டுங்க மச்சான்."

"திட்டினா ஒட்டுமா?"

பழுது பார்க்கும் கடையைத் தேடிப் பிடித்தார்கள். கடைக்காரர் பார்த்துவிட்டு, "இது ஸ்க்ரூ வேலை இல்ல சார். உடம்பே மாத்தணும். கடல் தாண்டி வரணும்" என்றார். வாடகைக்குக் கேமரா தருகிற இடத்துக்குப் போனார்கள். இருந்த எல்லாவற்றையும் டிவிக்காரர்கள் எடுத்துப் போயிருந்தார்கள். "நாளைக்குக் காலையில ஏதோ புகைபோக்கியை இடிக்கிறாங்களாம்" என்று அங்கே இருந்தவர் அவர்களுக்கே விளக்கம் சொன்னார்.

அறைக்குத் திரும்பியதும் மச்சான் தங்கைக்குப் போன் செய்தார். அவருக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"அம்மாடி, மாப்பிள்ளைக்குக் கழுத்து ஒடிஞ்சிடுச்சும்மா."

போனிலிருந்து வந்த அலறல் அறைக்கே கேட்டது. டைரக்டர் பாய்ந்து போனைப் பிடுங்கினான். "ஏய், ஏய், நான் நல்லாத்தான் இருக்கேன்! எனக்கு ஒண்ணும் இல்ல!"

"அப்போ... அண்ணன் சொன்னாரே..."

"கேமராவைச் சொன்னாரு."

அலறல் நின்றது. அதற்குப் பிறகு வந்த மௌனம் அலறலைவிடப் பெரிதாக இருந்தது. கணவன் உயிரோடு இருக்கும் செய்திக்கு இவ்வளவு துக்கம் கொண்டாடப்படுவதை டைரக்டர் போனைக் காதில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அதில் வருத்தம் இல்லை. தானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள் கடைசியில்.

"இல்ல."

"ம்" என்றாள். பிறகு, "நான்தானே பிரிக்காதீங்கன்னு சொன்னேன்" என்று அழ ஆரம்பித்தாள்.

"ஃபோமை வெட்டினது நான்தானே" என்றான். அவன் பேசிய பேச்சிலேயே அலங்காரம் இல்லாத ஒரே வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

காலையில் ஆலைக்கு வெளியே கயிறு கட்டி, கூட்டத்தைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். புகைபோக்கி தனியாக நின்றது, கூப்பிட்டுவிட்டு மறந்துபோன விருந்தாளி மாதிரி. கம்பெனி அதிகாரி தலையில் தொப்பியோடு வந்து, "கேமரா எங்க சார்?" என்றார்.

டைரக்டர் ஸ்டாண்டைக் காட்டினான். ஸ்டாண்டு பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது. அதன் உச்சியில் அவனுடைய போன், மச்சானின் கைக்குட்டையால் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தது.

அதிகாரி அதைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கூட்டத்தில் ஒவ்வொரு கையிலும் ஒரு போன் உயர்ந்திருந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

"பரவாயில்ல மச்சான். ஃபிரேமிங்னு ஒண்ணு இருக்கில்ல? அது எல்லாருக்கும் வராது" என்றான் டைரக்டர். அது உண்மையும்கூட. அவன் வைத்திருந்த இடம் நல்ல இடம். புகைபோக்கி முழுதாக, விழப்போகும் பக்கத்தில் போதுமான வானத்தோடு, திரைக்குள் நின்றது. இப்போதும் ஒரு வழி இருந்தது. இது நன்றாக வந்தால், கேமரா இல்லாமலேயே இவ்வளவு என்றால் இருந்தால் எவ்வளவு என்று அதிகாரியிடம் பேசிப் பார்க்கலாம்.

சங்கு ஊதியது. கூட்டம் அடங்கியது. அடியில் ஒரு உறுமல் எழுந்தது. புகைபோக்கியின் கால் மடங்கியது.

அந்த நேரத்தில் போன் அடித்தது.

திரையில் புகைபோக்கி மறைந்து, பெரிய மாமாவின் முகம் வந்தது. மனைவியின் பெரியப்பா. மீசையோடு, எங்கோ ஒரு கல்யாணத்தில் டைரக்டரே எடுத்த படம். நேற்றைய அலறல் சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கிருந்து கிளம்பி, ராத்திரியோடு ராத்திரியாகச் சொந்தக்காரர்கள் எல்லோரையும் சுற்றி, காலையில் பெரிய மாமாவை அடைந்திருந்தது. அழைப்பு வராமல் தடுக்க அந்தப் போனில் ஒரு பட்டன் இருந்தது. அதற்குப் பெயரே விமானம். டைரக்டர் அதை விமானத்தில் போட்டான்; இறங்கியதும் பொறுப்பாக எடுத்துவிட்டான்.

பதற்றத்தில் திரையைத் தள்ளியவன் தப்பான பக்கம் தள்ளிவிட்டான்.

"மாப்ள! கழுத்து எப்படி இருக்கு மாப்ள?" என்றது போன், முழுச் சத்தத்தில்.

முன்னால் புகைபோக்கி சாய்ந்து, நடுவில் உடைந்து, தரையைத் தொட்டது. கூட்டம் ஓவென்று கத்தியது. தூசி எழுந்து வந்து எல்லோரையும் மூடியது.

"நல்லா இருக்கு பெரிய மாமா" என்றான் டைரக்டர்.

"ஆட்டாம வெச்சிருங்க. கழுத்து விஷயம்!"

"சரிங்க பெரிய மாமா."

தூசி அடங்கியபோது அதிகாரி மறுபடி வந்தார். கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரொம்ப மரியாதையாக இருந்தார். "கவலைப்படாதீங்க சார். கேட்டுல நிக்கிற நம்ம செக்யூரிட்டி எடுத்திருக்காரு. நல்லா வந்திருக்கு. இனிமே அவரையே எடுக்கச் சொல்லலாம்னு இருக்கோம்" என்று சொல்லி, இருவர் கையையும் குலுக்கிவிட்டுப் போனார். மச்சானின் தலைமுடி தூசியில் முழுவதும் நரைத்திருந்தது. டைரக்டர் தட்டிவிடப் போனான். "விடுங்க" என்றார்.

திரும்பும் வழியில் மச்சான் சித்தப்பாவுக்குப் போன் செய்தார். டைல்ஸ் என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. "சரி சித்தப்பா", "வந்துடறேன் சித்தப்பா" என்பதோடு முடிந்துவிட்டது.

விமான நிலையத்தில் மச்சானே கறுப்புப் பெட்டியைத் தூக்கி பெல்ட்டில் வைத்தார். "கேமராவா சார்?" என்று கேட்டாள் கவுண்டரில் இருந்த பெண்.

"இருந்துது. போடுங்கம்மா, இனிமே என்ன."

"ஒரு நிமிஷம்" என்றான் டைரக்டர். பெட்டியை இறக்கித் தரையில் வைத்தான். வரிசையில் பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். குழியிலிருந்து கேமராவையும் லென்ஸையும் எடுத்தான். மச்சானிடம் கையை நீட்டினான். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. பையைத் திறந்து போர்வையைக் கொடுத்தார். வெறும் பெட்டி பெல்ட்டில் ஏறி உள்ளே போனது.

"ஜன்னல் சீட்டு இருக்குமா மேடம்?" என்று கேட்டான். "எனக்கில்ல."

இருந்தது. மச்சான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். டைரக்டர் போர்வைக்குள் லென்ஸைக் கேமராவின் கழுத்தோடு பொருத்தி, நழுவாமல் ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மார்போடு அணைத்துக்கொண்டான். ஒட்டாது என்று அவனுக்குத் தெரியும்.

பணிப்பெண் பெல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவனருகில் வந்து, மூட்டையைப் பார்த்து, குனிந்தாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவன் சொன்னான்.

"தூங்குது."

அவள் தலையசைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள். மச்சான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டார்.

விமானம் ஓடுபாதையில் குலுங்க ஆரம்பித்தது. போர்வைக்குள் இருந்த கை மெதுவாகத் தட்டிக்கொடுத்தது.

"அவ்வளவுதான்" என்றான் டைரக்டர், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத குரலில். "அவ்வளவுதான்."